பார்பேரா: முதல் பாட்டில் வாங்குவதிலிருந்து மிச்சத்தை மூடிவைப்பது வரை

இத்தாலியின் டூரின் நகரில் படிக்கப் போன முதல் மாதம். ஊருக்கு வந்து சேர்ந்ததைக் கொண்டாட வேண்டும் என்று, கையிருப்பில் கணிசமான தொகையைக் கொடுத்து ஒரு பரோலோ வாங்கினேன். அந்த வட்டாரமே தலையில் வைத்துக் கொண்டாடும் சிவப்பு ஒயின். அறைக்கு வந்து திறந்து, துணைக்கு ஒன்றும் இல்லாமல் ஒரு வாய் குடித்தேன். கொட்டைப்பாக்கை மென்றதுபோல வாய் காய்ந்து ஒட்டிக்கொண்டது. ஒயின் நமக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டி, மிச்சத்தை அறைத்தோழனிடம் கொடுத்துவிட்டேன். அவன் ஏன் அவ்வளவு சந்தோஷப்பட்டான் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சின்ன உணவகத்தில் மதியச் சாப்பாடு. அரை லிட்டர் கூஜாவில் சிவப்பாக ஏதோ வந்தது. பெயர்கூடக் கேட்காமல் குடித்தேன். நாக்கின் இரண்டு ஓரமும் ஊறின. தட்டிலிருந்த பாஸ்தாவை இன்னும் ஒரு வாய் சாப்பிடலாம் போலிருந்தது. சாப்பிட்டதும் இன்னொரு மடக்கு வேண்டியிருந்தது. என்ன ஒயின் இது என்று கேட்டேன். பரிமாறியவர், தண்ணீர் என்ன தண்ணீர் என்று விசாரித்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு, "பார்பேரா" என்று சொல்லிப் போனார்.

வடமேற்கு இத்தாலியில், ஆல்ப்ஸ் மலைக்குக் கீழே இருக்கும் மாநிலம் பியமோன்டே. பெயருக்கே மலையடிவாரம் என்றுதான் பொருள். பரோலோவும் பார்பேராவும் அங்கேதான் பிறக்கின்றன. பரோலோ விசேஷ நாளுக்கு, பார்பேரா புதன்கிழமை ராத்திரிக்கு. ஒயின் பழகாதவர் எங்கே தொடங்குவது என்று கேட்டால், நான் புதன்கிழமையைத்தான் காட்டுவேன். குடிக்கும் பழக்கம் இல்லாதவர் இதற்காகப் பழகிக்கொள்ள வேண்டாம். எப்படியும் ஒரு பாட்டில் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், மேலே படியுங்கள்.

முதல் படி: கடைக்குப் போகும் முன் நாக்கைக் கேளுங்கள்

பாலும் சர்க்கரையும் இல்லாமல் ஒரு தேநீர் போடுங்கள். தேயிலையைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, ஆறியபின் ஒரு வாய் குடியுங்கள். ஈறும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடிக்கும். அப்புறம் வாயைக் கொப்பளித்துவிட்டு, தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து ஒரு வாய் குடியுங்கள். இப்போது எச்சில் ஊறும். முதலாவது துவர்ப்பு, இரண்டாவது புளிப்பு.

சிவப்பு ஒயினைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இதிலேயே முடிந்துவிடுகிறது. துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணி வளர்ந்தவர்கள் நாம். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் என்ற பொருள்தான் ஒயினுக்குத் துவர்ப்பைக் கொடுக்கிறது. பாக்கிலும் தேயிலையிலும் வாயைக் கட்டுவது அதன் உறவுக்காரப் பொருள்களே. பரோலோவைத் தரும் நெபியோலோ திராட்சையில் டானின் ஏராளம். பார்பேரா திராட்சையில் டானின் குறைவு, புளிப்பு நிறைய. பல திராட்சைகள் பழுக்கப் பழுக்கப் புளிப்பை இழந்துவிடும், இது நன்றாகப் பழுத்த பிறகும் விடாமல் பிடித்துவைத்திருக்கும். நிறம் மட்டும் நாவல்பழச் சாறுபோல அடர்த்தி. கண்ணுக்கு முரட்டு ஒயினாகத் தெரிவது வாய்க்கு இதமாக இருப்பது அதனால்தான்.

எலுமிச்சைத் தண்ணீர் உங்களுக்குப் பிடித்ததா? அப்படியானால் பார்பேராவும் பிடிக்கும். கடுந்தேநீர்தான் பிடித்தது என்றால், நேராக நெபியோலோவுக்குப் போய்விடுங்கள்.

இரண்டாம் படி: பெயரில் ஏமாறாதீர்கள்

கடை அலமாரியில் உங்களைக் கவிழ்க்கக் காத்திருப்பவை இரண்டு.

முதலாவது பார்பரெஸ்கோ. பெயரைக் கேட்டால் பார்பேராவுக்குத் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பார்பரெஸ்கோ என்பது ஓர் ஊர். அந்த ஊர் ஒயின் நெபியோலோவில் செய்வது. துவர்ப்பும் அதிகம், விலையும் அதிகம்.

இரண்டாவது ஆஸ்தி. நமக்கு ஆஸ்தி என்றால் சொத்து. அவர்களுக்கு அது டூரினிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர். வெறும் 'ஆஸ்தி' என்றோ 'மொஸ்காத்தோ தாஸ்தி' என்றோ லேபிளில் இருந்தால், உள்ளே இருப்பது இனிப்பான, நுரைக்கும் வெள்ளை ஒயின். 'பார்பேரா தாஸ்தி', அதாவது ஆஸ்தியின் பார்பேரா, என்று இருந்தால் இனிப்பில்லாத சிவப்பு. இரண்டுமே நல்ல ஒயின்கள்தான், ஆனால் ஒன்றை நினைத்து இன்னொன்றைத் திறந்தால் ராத்திரி வீண்.

நுரை என்றதும் இன்னொன்று. 'பார்பேரா தெல் மொன்ஃபெர்ராத்தோ' என்ற வகையில் சில பாட்டில்கள் லேசாகக் குமிழ் விடும். 'விவாச்செ' அல்லது 'ஃப்ரிட்சாந்தே' என்று அச்சிட்டிருப்பார்கள். ஒயின் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள், அது அப்படித்தான். சலாமி என்ற பதப்படுத்திய இறைச்சியோடு, கொஞ்சம் சில்லென்று குடிக்கச் சொல்வார்கள். எனக்குப் பிடிக்கும், ஆனால் முதல் பாட்டிலாக வேண்டாம்.

மூன்றாம் படி: லேபிளைப் படிப்பது

ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் டி.ஓ.சி. அல்லது டி.ஓ.சி.ஜி. என்ற எழுத்துகளைத் தேடுங்கள். எந்தத் திராட்சை, எந்த ஊர் எல்லைக்குள் விளைந்தது, எவ்வளவு காலம் வைத்திருந்து விற்க வேண்டும் என்பதற்கெல்லாம் விதி உண்டு என்று அதற்குப் பொருள். டி.ஓ.சி.ஜி.யில் விதிகள் இன்னும் கொஞ்சம் கறார். கழுத்துப் பகுதியில் எண் போட்ட ஒரு அரசாங்கச் சீட்டு ஒட்டியிருக்கும். பார்பேரா தாஸ்தி 1970-இல் டி.ஓ.சி. ஆனது, 2008-இல் டி.ஓ.சி.ஜி. ஆனது. அதில் குறைந்தது 90 சதவீதம் பார்பேரா திராட்சை இருக்க வேண்டும். பக்கத்து ஊரான ஆல்பாவின் 'பார்பேரா தால்பா' இன்றும் டி.ஓ.சி.தான், அதில் நெபியோலோவைக் கொஞ்சம் கலந்துகொள்ள அனுமதி உண்டு.

எழுத்து ஒன்று குறைவதால் ஆல்பா ஒயின் மட்டம் என்று எண்ண வேண்டாம். வித்தியாசம் மண்ணில் இருக்கிறது, அதைவிட முக்கியமாகப் பந்தி வரிசையில் இருக்கிறது. ஆல்பா பக்கம் நெபியோலோதான் வீட்டுக்கு மாப்பிள்ளை. தெற்குப் பார்த்த, பனி முதலில் உருகும் சரிவெல்லாம் அதற்குப் போய்விடும். மிஞ்சிய இடத்தில்தான் பார்பேராவை நடுவார்கள். ஆஸ்தி பக்கம், குறிப்பாக நீட்ஸா மொன்ஃபெர்ராத்தோ என்ற சிற்றூரைச் சுற்றியுள்ள குன்றுகளில், அந்த மரியாதை பார்பேராவுக்கே கிடைக்கிறது. அங்கே 18 ஊர்களைச் சேர்த்து 2014-இல் 'நீட்ஸா' என்று தனி டி.ஓ.சி.ஜி. கொடுத்தார்கள். அது முழுக்க முழுக்கப் பார்பேராவாகவே இருக்க வேண்டும், குறைந்தது 18 மாதம் வைத்திருந்துதான் விற்க வேண்டும். அதே 2014-இல் யுனெஸ்கோ இந்த வட்டாரத்துத் திராட்சைக் குன்றுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, நீட்ஸாவையும் பார்பேராவையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. அன்றாட ஒயினுக்குக் கிடைத்த அந்த மரியாதையில் எனக்கும் ஏனோ கொஞ்சம் பெருமை.

'சுப்பீரியோரே' என்ற சொல் இருந்தால், அது கூடுதல் காலம் வைத்திருந்தது, அதில் சில மாதம் மரப் பீப்பாயில் இருந்தது என்று அர்த்தம். இந்த மரத்துக்கு ஒரு கதை இருக்கிறது.

கொஞ்சம் கதை, அவசரம் என்றால் நான்காம் படிக்குத் தாண்டுங்கள்

எழுபதுகளில் பார்பேராவுக்கு நல்ல பெயர் கிடையாது. கொடி ஏராளமாகக் காய்க்கும் ரகம். காய்த்ததையெல்லாம் பறித்துப் பிழிந்தால், நீர்த்துப்போய்ப் புளிப்பு மட்டும் நிற்கும். அதைப் பெரிய பாட்டில்களில் சல்லிசாக விற்றார்கள். ரொக்கெத்தா தனாரோ என்ற கிராமத்தில் ஜாக்கொமோ பொலோஞ்ஞா என்பவர் இதை மாற்றிக் காட்ட நினைத்தார். அவருடைய நிறுவனத்தின் பெயர் பிராய்தா. 1982-ஆம் ஆண்டு அறுவடையைச் சின்ன ஓக் பீப்பாய்களில் வைத்து முதிரவிட்டு, 'பிரிக்கோ தெல்லுச்செல்லோனே' என்ற பெயரில் வெளியிட்டார். திராட்சையில் இல்லாத துவர்ப்பைப் புது மரம் கொடுத்தது. புளிப்பு அடங்கி உட்கார்ந்தது. பார்பேராவுக்கு இவ்வளவு விலையா என்று வாயைப் பிளக்கும் விலைக்கு அது விற்றது.

மறு பக்கமும் உண்டு. 1986-இல், மலிவு ஒயினின் போதையைக் கூட்டிக் காட்ட, சில வியாபாரிகள் மெத்தனால் கலந்தார்கள். கள்ளச்சாராயச் சாவுச் செய்திகளில் நாம் படிக்கும் அதே மெத்தனால். 20 பேருக்கு மேல் செத்தார்கள், சிலருக்குக் கண் போனது. அந்த விஷ பாட்டில்களில் பார்பேரா என்று லேபிள் ஒட்டியவையும் இருந்தன. இத்தாலிய ஒயினின் பெயர் உலகம் முழுக்கக் கெட்டது, சோதனைகள் இறுகின. குறைவாகக் காய்க்கவிட்டு நல்லதாகச் செய்தால்தான் பிழைப்பு என்று நினைத்தவர்களின் கை அதன்பிறகு ஓங்கியது. இன்று நாம் அலமாரியில் பார்க்கும் நல்ல பார்பேராக்களுக்குப் பின்னால் அந்தத் துக்கமும் இருக்கிறது.

நான்காம் படி: எதை வாங்குவது

மரம் படாத, அல்லது மிகக் கொஞ்சமாகவே பட்ட, சாதாரண பார்பேரா தாஸ்தி. அறுவடை ஆண்டு இரண்டு, மூன்று வருடத்துக்கு முந்தியதாக இருக்கட்டும். இத்தாலியில் பத்து யூரோவைச் சுற்றிய விலைக்கு நன்றாகவே கிடைக்கும். வெளிநாட்டில் வரியும் கப்பல் கூலியும் சேர்ந்து எங்கேயோ போய்விடும், அதற்கு நான் பொறுப்பில்லை. புருனோத்தோ, மிக்கேலே கியார்லோ, வியெத்தி, கோப்போ ஆகியவை பரவலாக ஏற்றுமதியாகும் பெயர்கள். விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவுகளை ஒதுக்கிவிடாதீர்கள். வின்க்கியோ, வால்யோ செர்ரா என்ற இரண்டு ஊர்க்காரர்கள் 1959-இல் தொடங்கிய கூட்டுறவு, பழைய கொடிகளின் பார்பேராவுக்கே பெயர் பெற்றது.

பீப்பாயில் முதிர்ந்த விலை உயர்ந்த பார்பேராவை முதலில் வாங்க வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். வெனிலா, வறுத்த காப்பி மணமெல்லாம் மரத்திலிருந்து வருவது. முதல் முறையே அதைக் குடித்தால், நீங்கள் சந்திப்பது திராட்சையையா தச்சரையா என்று தெரியாமல் போய்விடும்.

ஐந்தாம் படி: குளிர்ச்சியும் கிளாஸும்

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எங்கோ படித்திருப்பீர்கள். அது குளிர்நாட்டுக் கல் வீடுகளின் அறை. பார்பேராவுக்கு 15, 16 டிகிரி போதும். வீட்டில் 30 டிகிரி என்றால் பாட்டிலை அரை மணி நேரத்துக்கு மேலேயே ஃபிரிட்ஜில் வையுங்கள். சூடான பார்பேராவில் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். கிளாஸ் எதுவானாலும் சரி, விளிம்புவரை ஊற்றாதீர்கள், மூக்குக்கும் கொஞ்சம் இடம் வேண்டும். வேறு ஜாடிக்கு மாற்றிக் காற்றாட வைக்கும் சடங்கு இந்த ஒயினுக்குத் தேவையில்லை.

கார்க் திருகியை நடுவில் நேராக இறக்குங்கள். கார்க் உடைந்து உள்ளே விழுந்தால் வடிகட்டிக் குடித்துவிடலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி வாடை வந்தால் அது கார்க்கின் கோளாறு. கடையில் திருப்பிக் கொடுக்கலாம்.

ஆறாம் படி: சாப்பாட்டோடு

இதற்காகத்தான் இவ்வளவும். பார்பேராவைத் தனியாகக் குடித்துவிட்டு "வெறும் புளிப்பாக இருக்கிறதே" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புளிக்கத்தான் செய்யும். பிரியாணிக்குக் கொடுக்கும் கத்திரிக்காய்ப் புளிக்கறியைத் தனிக் கிண்ணத்தில் போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்வோமா? பிரியாணியின் நெய்யையும் கறியின் கொழுப்பையும் அந்தப் புளிப்பு அறுத்துவிடும், அடுத்த கவளத்துக்கு நாக்கு புதிதாகும். பியமோன்டேகாரர்களின் மேசையில் பார்பேரா செய்வது அந்தக் கத்திரிக்காயின் வேலை. இதைக் குடிக்கும் பொருளாக எண்ணாமல், தொட்டுக்கொள்ளும் பொருளாக எண்ணிப் பாருங்கள். எல்லாம் சரியாகிவிடும்.

அவர்கள் ஊரில் இதற்கு உச்சகட்ட ஜோடி 'பாஞ்ஞா காவ்தா'. ஆலிவ் எண்ணெயில் பூண்டையும் உப்பில் போட்ட நெத்திலி மாதிரியான மீனையும் கரையக் கரையக் காய்ச்சி, அடியில் மெழுகுவர்த்தி எரியும் மண் சட்டியில் மேசைக்குக் கொண்டுவருவார்கள். குடைமிளகாய், முட்டைக்கோஸ், நீட்ஸாவின் கூன் விழுந்த கார்தோ தண்டு என்று காய்களை அதில் முக்கி முக்கிச் சாப்பிடுவது குளிர்காலப் பழக்கம். மறுநாள் பக்கத்தில் யாரும் வர மாட்டார்கள், அவ்வளவு பூண்டு. எண்ணெய், உப்பு, மீன் மூன்றையும் ஒரே மடக்கில் கழுவிவிட இவ்வளவு புளிப்பு வேண்டியிருக்கிறது.

வீட்டில் அதையெல்லாம் செய்ய வேண்டாம். தக்காளி சாஸ் போட்ட பாஸ்தா ஒன்று போதும். தக்காளியின் புளிப்புக்கு முன்னால் பல சிவப்பு ஒயின்கள் சப்பென்று ஆகிவிடும், பார்பேரா ஆகாது. பீட்ஸா, வறுத்த கோழி, காளான், சீஸ் எல்லாமே சரிவரும். செய்முறை இதுதான்: ஒரு மடக்கு குடியுங்கள், என்ன தோன்றியது என்று நினைவில் வையுங்கள். இரண்டு வாய் சாப்பிடுங்கள். மறுபடி ஒரு மடக்கு. இரண்டாவது மடக்கில் புளிப்பு பின்னுக்குப் போய், செர்ரி, ஆல்பக்கோடா மாதிரி ஒரு பழச்சுவை முன்னால் வந்து நிற்கும். அந்த இடமாற்றம் உங்களுக்குத் தெரிந்துவிட்டால் பாடம் முடிந்தது.

நம்ம ஊர்ச் சாப்பாட்டோடு? காரம் குறைந்த கறிவறுவலோடு நன்றாகவே போகும். மிளகாய் தூக்கலான மீன் குழம்போடு முயன்றேன், தோற்றேன். ஆல்கஹால் காரத்தை விசிறிவிடும், குழம்பின் புளியும் ஒயினின் புளிப்பும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும். அந்தக் குழம்புக்குத் தண்ணீரே உத்தமம்.

ஏழாம் படி: அளவு

750 மில்லி பாட்டிலில் 125 மில்லி வீதம் ஆறு கிளாஸ் வரும். இந்தக் காலத்துப் பார்பேராவில் 13, 14 சதவீதம் ஆல்கஹால் சாதாரணம். 14 சதவீதம் என்றால் ஒரு கிளாஸில் கிட்டத்தட்ட 14 கிராம் ஆல்கஹால். பழச்சாறுபோல இறங்குவதால் கணக்குத் தப்பும். உடம்புக்குக் கெடுதலே இல்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வண்டி ஓட்டப் போகிறவரும், கர்ப்பமாக இருப்பவரும், மாத்திரை சாப்பிடுபவரும் தொட வேண்டாம். ஒவ்வொரு கிளாஸுக்கும் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர் வையுங்கள்.

எட்டாம் படி: மிச்சம்

ஒரே ராத்திரியில் முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கார்க்கை அழுத்தி மூடி ஃபிரிட்ஜில் நிற்க வைத்துவிடுங்கள். இரண்டு, மூன்று நாள் தாங்கும். புளிப்பு கூடிய ஒயின்கள் இதில் கெட்டி. குடிக்கும் முன் இருபது நிமிடம் வெளியே எடுத்து வையுங்கள்.

நான்காம் நாள் மணம் செத்துவிட்டால் சமையலுக்கு. பியமோன்டேயில் பார்பேரா ஊற்றி ரிசோத்தோ செய்வார்கள். வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, அரிசியைப் போட்டுப் புரட்டி, ஒரு பெரிய கிளாஸ் ஒயினை ஊற்றுங்கள். அது சுண்டியதும், கொதிக்கும் காய்கறிச் சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். பதினெட்டு நிமிடத்தில் குழைந்தும் குழையாமலும் வரும். அடுப்பை அணைத்து வெண்ணெயும் சீஸும் போட்டு மூடிவையுங்கள். சோறு ஊதா நிறத்தில் இருக்கும், வீட்டில் யாராவது பீட்ரூட்டா என்று கேட்பார்கள்.